சிவப்பு ஒயினுக்கு மதிப்பெண்: எந்த அளவுக்கு நம்பலாம்?

வாசகர் கேள்வி, ஜனவரி 5

நூற்றுக்கு 91 வாங்கிய ஒரு சிவப்பு ஒயினையும், 86 வாங்கிய இன்னொன்றையும் அடுத்தடுத்த வாரங்களில் குடித்துப் பார்த்தேன். எனக்குப் பிடித்தது 86 வாங்கியதுதான். குறை என் நாவிலா, மதிப்பெண்ணிலா? தொழில்முறைப் பயிற்சி இல்லாமல், ஆர்வத்துக்காகச் சுவைத்துப் பார்க்கும் என்னைப் போன்றவர்கள் மதிப்பெண் போடுவதில் பொருள் இருக்கிறதா?

ஜனவரி 6

பொருள் இருக்கிறது. ஆனால் அந்த மதிப்பெண் எந்தச் சூழலில் போடப்பட்டது என்பதும் கூடவே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நூறு மதிப்பெண் முறையைப் பரவலாக்கியவர் ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்க விமர்சகர். அவர் 1978இல் தொடங்கிய இதழ்தான் அதற்குக் களம். அவருடைய அளவுகோல் 50இல் தொடங்குகிறது. நடைமுறையில் 80க்குக் கீழே உள்ளதைக் கடைக்காரர் எவரும் அட்டையில் எழுதி வைப்பதில்லை. ஆகவே நாம் காண்பது பெரும்பாலும் 85க்கும் 95க்கும் இடைப்பட்ட எண்களைத்தான். எல்லாப் பிள்ளைகளும் எண்பதுக்கு மேல் வாங்கும் வகுப்பில் யார் கெட்டிக்காரர் என்று மதிப்பெண் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் கலிஃபோர்னியாவில் சொந்தமாக ஒயின் ஆலை நடத்தியவர். கடலியல் பேராசிரியராகவும் இருந்தவர். அந்த மாநிலக் கண்காட்சியின் போட்டியில் நடுவர்களுக்கு, அவர்கள் அறியாதபடி, ஒரே புட்டியிலிருந்து ஒரே ஒயினை மூன்று முறை ஊற்றிக் கொடுத்து, அவர்கள் போட்ட மதிப்பெண்களை ஒப்பிட்டார். முடிவுகள் 2008இல் வெளியாயின. ஒரே ஒயினுக்கு ஒரே நடுவர் போட்ட மதிப்பெண் சுமார் 4 புள்ளி கூடவோ குறையவோ இருப்பது சாதாரணமாக நிகழ்ந்தது. ஏறத்தாழ பத்தில் ஒரு நடுவரே தம் முடிவில் நிலையாக நின்றார். இவர்கள் அனுபவமுள்ள நடுவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், உங்களுடைய 91க்கும் 86க்கும் இடையிலுள்ள 5 புள்ளியை நம்பிப் பணம் கொடுப்பது சரியல்ல என்பது விளங்கும்.

ஜனவரி 9

சென்ற குறிப்பில் எழுதாமல் விட்டதைச் சேர்க்கிறேன். மதிப்பெண் போடத் தொடங்குவதற்கு முன்பு உங்கள் நாவின் பிழையளவு என்ன என்பதை அறிந்துகொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது. உணவுச் சுவை ஆய்வுக்கூடங்களில் முக்கோணச் சோதனை என்று ஒன்று செய்வார்கள். மூன்று கோப்பைகளில் இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு ஒயின். மாறுபட்டது எது என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால், பல தடவை செய்தால்தான் அதன் முடிவுக்கு மதிப்பு.

எங்கள் வீட்டில் என் மனைவி பக்கத்து அறையில் ஊற்றி, கோப்பைகளின் அடியில் எண் எழுதிக் கொண்டுவந்து வைப்பார். ஒரே திராட்சை வகையைச் சேர்ந்த, ஏறத்தாழ ஒரே விலையுள்ள இரண்டு ஒயின்களை இப்படி வைத்தபோது, பெயரைப் பார்த்துக்கொண்டு குடித்த நாட்களில் வானத்துக்கும் பூமிக்குமாகத் தெரிந்த வித்தியாசம் பெரும்பகுதி காணாமல் போயிற்று. அதன் பிறகுதான் என் குறிப்பேட்டில் நூற்றுக்கு மதிப்பெண் எழுதுவதை நிறுத்தினேன். ‘மீண்டும் வாங்குவேன்’, ‘யாராவது ஊற்றினால் குடிப்பேன்’, ‘வேண்டாம்’ என்ற மூன்று படிகளே என் நாவின் நுட்பத்துக்கு ஏற்றவை.

ஜனவரி 15

மூன்று படிகள் போதுமா, அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் இருபது மதிப்பெண் முறை இன்னும் நேர்த்தியானது அல்லவா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். டேவிஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மேனார்ட் அமெரினும் அவருடைய சக ஆய்வாளர்களும் உருவாக்கிய முறை அது. அதில் தோற்றத்துக்கும் நிறத்துக்கும் சேர்த்து 4, மணத்துக்கு 4, காடியாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க 2 என்று மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டிருக்கும். ஒயினைச் செய்தவர் எங்கே தவறினார் என்று கண்டுபிடிக்க அது அருமையான கருவி. ஆனால் இன்றைய ஆலைகளிலிருந்து வரும் ஒயின்களில் கலங்கலோ காடி வாடையோ அரிது என்பதால், பாதி மதிப்பெண் எல்லாவற்றுக்கும் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. குடிப்பவருக்கு எது இன்பம் தந்தது என்பதை அளக்க அந்தப் பிரிவினை உதவுவதில்லை.

இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. நம் ஊர்களில் சிவப்பு ஒயினைப் பற்றி எழுதப்படும் பாதகமான குறிப்புகளில் பாதியாவது வெப்பநிலையைப் பற்றிய குறிப்புகள் என்பது என் உறுதியான எண்ணம். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்ற விதி ஐரோப்பியக் கல்வீடுகளின் அறையை மனத்தில் வைத்து உண்டானது. அது 16 முதல் 18 பாகை செல்சியஸ் வரை இருக்கும். பெங்களூரில் ஏப்ரல் மாதம் என் அலமாரியில் இருக்கும் புட்டி 28 பாகையில் இருக்கிறது. சென்னையில் அதற்கும் மேலே. அந்தச் சூட்டில் சாராயத்தின் ஆவி முன்னால் வந்து மூக்கை எரிக்கும்; பழத்தின் மணம் பின்னால் தள்ளப்படும்; ஒயின் கனமாகவும் தளர்ந்தும் தோன்றும். அதே புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்துவிட்டு எடுத்தால் வேறு ஒயினைப் போல இருக்கும். அளவுக்கு மீறிக் குளிரவைத்தாலோ துவர்ப்பு கடுமையாகி மணம் அடங்கிவிடும்.

ஆகவே குறிப்பேட்டில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் பாகையையும் எழுதுங்கள். சமையலறையில் பயன்படுத்தும் சாதாரண வெப்பமானியே போதும்.

ஜனவரி 16

அரை மணி நேரம் என்று எழுதியதை ஒரு கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெட்டியின் குளிர், புட்டிக் கண்ணாடியின் தடிமன், தொடக்கச் சூடு ஆகியவற்றைப் பொறுத்து அதைவிட அதிக நேரமும் ஆகலாம். கோப்பையில் ஊற்றியபின் அளப்பதே நம்பகமானது.

ஜனவரி 28

மணத்தைப் பற்றி எழுதச் சொன்னவர்களுக்கு.

ஆங்கிலப் புத்தகங்களில் கறுப்புக் கரன்ட் பழம், செடார் மரம், ஊதாப்பூ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, வாழ்நாளில் ஒருமுறைகூடக் கறுப்புக் கரன்ட்டை மோந்திராதவர்கள் அதையே தங்கள் குறிப்பிலும் எழுதுகிறார்கள். நினைவில் இல்லாத மணத்தை மூக்கு கண்டுபிடிக்க வழியில்லை. எனக்குக் காபர்னே சோவின்யோன் என்ற திராட்சையின் ஒயினில் நாவற்பழமும், சில சமயம் நசுக்கிய கறிவேப்பிலைக்காம்பின் பச்சை வாடையும் தெரிகின்றன. ஷிராஸ் திராட்சையின் ஒயினில் மிளகும், புகையும், சில புட்டிகளில் உப்பிலிட்ட களாக்காயும் தெரிகின்றன. அடுத்த ஆண்டு அதே ஒயினைத் திறக்கும்போது என் குறிப்பு எனக்குப் பயன்பட வேண்டும் என்றால், அது என் நினைவின் மொழியில்தான் இருக்க வேண்டும்.

ஷிராஸில் தெரியும் மிளகு வெறும் கற்பனை அல்ல. ரொட்டண்டோன் என்ற சேர்மம்தான் அதற்குக் காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். நாம் இரசத்தில் தட்டிப்போடும் மிளகின் மணத்துக்கும் அதே சேர்மம்தான் முக்கியக் காரணம். அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, சோதித்த மிக உயர்ந்த அளவிலும், அந்த மணம் தெரியவே இல்லை. அப்படியானால் மிளகு மணத்துக்காக நான் உயர்த்திப் பேசும் ஓர் ஒயின், உங்களுக்கு வெறும் பழச்சாறாகத் தோன்றலாம். இருவரும் கவனமாகச் சுவைத்தவர்களே. இருவரின் மதிப்பெண்ணும் நேர்மையானதே.

ஓக் பீப்பாயிலிருந்து வரும் மணங்களும் இப்படித்தான் வேதியியல் வேர் உள்ளவை. வனிலா மணம் தரும் வனிலினும், கிராம்பின் மணம் தரும் யூஜினாலும் வாட்டிய மரத்திலிருந்து ஒயினுக்குள் இறங்குகின்றன. அமெரிக்க ஓக்கில் தேங்காய் மணம் தூக்கலாக இருக்கும். தமிழ்ச் சமையலறையில் வளர்ந்த மூக்குக்குக் கிராம்பையும் தேங்காயையும் அடையாளம் காண்பது மிக எளிது. பீப்பாயின் மணத்தையும் திராட்சையின் மணத்தையும் பிரித்தறியப் பழகுவதே தொடக்கநிலையாளர் கற்கவேண்டிய முதல் பாடம் என்று நினைக்கிறேன். ஏனெனில் கிராம்பும் வனிலாவும் தூக்கலாக இருக்கும் ஒயினை நாம் எல்லோருமே ஆரம்பத்தில் உயர்வாக மதிப்பிட்டுவிடுகிறோம்.

பிப்ரவரி 4

புட்டியை மறைத்துத்தான் ஆக வேண்டுமா, அது விருந்தின் மகிழ்ச்சியைக் கெடுக்காதா என்று கேட்கிறார்கள். மதிப்பிடும் நாளில் மறைத்தே ஆக வேண்டும்.

பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் நடந்து, 2001இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒயின் தொழில்நுட்பம் படிக்கும் 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை ஒயினும், அதே வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்பு நிறமி கலந்த இன்னொரு கோப்பையும் தரப்பட்டன. சிவப்பாகத் தெரிந்ததை அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். இதைச் சொல்லி அந்த மாணவர்களைக் கேலி செய்கிறவர்கள் உண்டு; எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்ணிலிருந்து வரும் செய்தியை மூளை மூக்கின் செய்தியோடு சேர்த்தே வாசிக்கிறது என்பதுதான் அதில் தெரிவது. நிறமே இந்த வேலையைச் செய்கிறது என்றால், பெயர் பொறித்த தாளும் விலையும் என்னென்ன செய்யாது?

விலையைப் பற்றியும் ஓர் ஆய்வு 2008இல் வந்தது. அமெரிக்காவில் 1.65 டாலரிலிருந்து 150 டாலர்வரை விலையுள்ள ஒயின்களைப் பெயர் மறைத்துக் கொடுத்து, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மதிப்பீடுகளைச் சேர்த்தார்கள். பயிற்சி இல்லாதவர்கள் விலை கூடிய ஒயினைச் சராசரியில் சற்றுக் குறைவாகவே விரும்பினார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் அந்தப் போக்கு இல்லை. இதிலிருந்து விலை கூடிய ஒயின்கள் எல்லாம் ஏமாற்று என்ற முடிவுக்குப் பாய்ந்துவிடக் கூடாது. அவற்றில் பல, இளமையில் கடுமையான துவர்ப்போடு இருந்து, ஆண்டுகள் கழித்துத் திறப்பதற்காகச் செய்யப்படுபவை.

பாரிசில் 1976 மே 24 அன்று ஆங்கிலேய ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய சுவைத்தேர்வு எல்லோரும் அறிந்ததே. பிரெஞ்சு நடுவர்கள் பெயர் அறியாமல் சுவைத்து, கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் ஆலையின் 1973ஆம் ஆண்டு காபர்னேயைப் போர்தோவின் முதல்தர ஒயின்களுக்கு மேலே வைத்தார்கள். ஆனால் அதற்கும் இரண்டாவதாக வந்த ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷீல்டின் 1970க்கும் இடையில் இருபதுக்கு அரை மதிப்பெண்கூட வித்தியாசம் இல்லை. கலிஃபோர்னியா வென்றது என்பது செய்தித்தாளின் வாசகம். சிறந்த நடுவர்களால்கூட அவற்றைப் பிரித்தறிய முடியவில்லை என்பதே அந்த நாள் எனக்குத் தரும் பாடம்.

பிப்ரவரி 11

ஒரு வாரமாக மேலே உள்ள குறிப்பையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மறைத்துச் சுவைப்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

சனிக்கிழமை நண்பர்கள் கூடியபோது ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பரோலோ ஒன்றும் வரிசையில் இருந்தது. இத்தாலியின் பியமாண்டேயில் நெபியோலோ என்ற திராட்சையிலிருந்து மட்டுமே செய்யப்படுவது அது. குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் என்பது சட்டம். நெபியோலோவின் நிறம் வெளிறியது; சில ஆண்டுகளிலேயே ஓரத்தில் செங்கல் நிறம் ஏறும்; ஆனால் துவர்ப்பும் புளிப்பும் மிகக் கடுமையானவை. அடர்ந்த ஊதா நிற ஷிராஸ்களுக்குப் பின்னால் அது வந்ததால், மேசையில் இருந்த அனைவரும் அதை மெலிந்த, கசந்த ஒயின் என்று கடைசி இடத்தில் வைத்தார்கள். பெயர் தெரிந்தபிறகு, வறுத்த ஆட்டிறைச்சியோடு மீண்டும் ஊற்றினோம். கொழுப்பும் புரதமும் துவர்ப்பைப் பற்றிக்கொள்ள, உலர்ந்த ரோஜா இதழும் தாரும் கலந்த அதன் மணம் மேலே வந்தது. அன்றிரவு முதலில் காலியான புட்டி அதுதான்.

பெயர் அவர்களை மயக்கிவிட்டது என்று இதை விளக்கலாம். எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை. எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்தால்தான் எதைத் தேட வேண்டும் என்பது தெரிகிறது. வரிசையில் முன்னால் வந்த கனத்த ஒயின்கள் நாவை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டன என்பதும் உண்மை. ஆகவே என் முறையைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். முதல் சுற்றில் எல்லாவற்றையும் மறைத்து எழுத வேண்டும். பிறகு பெயரைத் திறந்து, உணவோடு ஒருமுறை எழுத வேண்டும். இரண்டு குறிப்புகளையும் அழிக்காமல் அருகருகே வைத்திருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் அந்த ஒயினைப் பற்றிய என் முடிவை நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் அது மறுபடி வாங்கிப் பார்க்க வேண்டிய ஒயின்.

ஸ்பெயினின் ரியோஹா ஒயின்களிலும் இதே சிக்கல் உண்டு. ரிசர்வா என்றால் மூன்று ஆண்டு, கிரான் ரிசர்வா என்றால் ஐந்து ஆண்டு முதிர்ந்தபிறகே வெளியே வர வேண்டும். அங்கே விளையும் டெம்ப்ரனில்லோ திராட்சையின் முதிர்ந்த ஒயினில் பழம் பின்வாங்கித் தோலும் புகையிலையும் முன்வரும். பழத்தையே எதிர்பார்த்துக் குடிக்கிறவர் அதைக் குறையாக எழுதிவிடுவார்.

பிப்ரவரி 19

நம் நாட்டு ஒயின்களைப் பற்றிக் கேட்டதற்கு.

ஐரோப்பாவில் திராட்சைக்கொடி குளிர்காலத்தில் உறங்கும். தக்காணத்தில் அதற்கு அந்த உறக்கம் கிடையாது. அதனால் நாசிக்கிலும் நந்தி மலையடிவாரத்திலும் ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்கிறார்கள்: அறுவடை முடிந்து ஏப்ரலை ஒட்டி ஒருமுறை, மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் மறுமுறை. இரண்டாவது கவாத்துக்குப் பின் வரும் காய்ப்பையே ஒயினுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அறுவடை ஜனவரி இறுதியிலிருந்து மார்ச்வரை நடக்கிறது. டிசம்பர், ஜனவரியின் குளிர்ந்த இரவுகள் புளிப்பைக் காப்பாற்றுகின்றன. மார்ச் வெயிலோ சர்க்கரையை விரைவாக ஏற்றிவிடுகிறது. சர்க்கரை முந்திக்கொண்டு, தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்பு கனிவதற்குள் பறிக்க நேர்ந்தால், சாராயம் கூடிய, வாயைப் பிடிக்கும் ஒயின் கிடைக்கும். இந்திய ஒயினில் எனக்குப் பிடிக்காமற்போனவை பெரும்பாலும் இந்த வகையே.

குரோவர் குடும்பத்தார் 1988இல் நந்தி மலைப் பகுதியில் பிரெஞ்சுத் திராட்சை வகைகளை நட்டார்கள். போர்தோவின் மிஷேல் ரோலான் அவர்களுக்கு ஆலோசகராக இருந்தார். அவர்களுடைய லா ரிசர்வ், காபர்னே சோவின்யோனும் ஷிராஸும் கலந்தது. மறைத்துச் சுவைத்த நாட்களிலும் அது என் முதல் படியிலேயே நின்றிருக்கிறது: நாவற்பழம், கிராம்பு, அடங்கிய துவர்ப்பு. சூலாவின் திண்டோரி ரிசர்வ் ஷிராஸை 17 பாகையில் குடித்துப் பாருங்கள். மிளகு தெளிவாகத் தெரியும். மகாராஷ்டிரத்தின் அக்லூஜில் தோட்டம் வைத்திருக்கும் ஃபிராட்டெல்லியின் செட்டே, சாஞ்சோவேசே என்ற இத்தாலியத் திராட்சையும் காபர்னேயும் சேர்ந்தது. அதன் புளிப்பு சாப்பாட்டோடு நன்றாகப் பொருந்துகிறது. நாட்டுக்கோழி வறுவலோடு குடிக்க நினைப்பவர்கள் காரத்தைக் குறைத்துச் சமையுங்கள். மிளகாயின் எரிச்சல் சாராயத்தின் சூட்டையும் துவர்ப்பையும் பன்மடங்காக்கிவிடும். எந்த ஒயினும் அந்த மேசையில் நல்ல மதிப்பெண் வாங்காது.

பிப்ரவரி 20

ஈரமான அட்டைப்பெட்டி வாடை அடித்தால் அந்தப் புட்டிக்கு மதிப்பெண்ணே போட வேண்டாம். தக்கையில் உண்டாகும் டிரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மத்தின் வேலை அது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே பழ மணத்தை அடக்கிவிடும். ஒயினின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதே ஒயினின் இன்னொரு புட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். திருகு மூடியிட்ட புட்டிகளில் இந்தத் தொல்லை மிக அரிது.

மார்ச் 3

கம்பத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: எங்கள் பன்னீர் திராட்சையில் வீட்டில் போடும் ஒயினை இந்தத் தராசில் வைக்கலாமா என்று.

பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகைதான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மஸ்கட் வகைகளின் ரோஜா மணத்துக்கு லினலூல், ஜெரானியால் போன்ற சேர்மங்கள் காரணம். பழத்தில் உள்ள மணம் ஒயினிலும் அப்படியே தங்குவது இந்த வகையின் சிறப்பு. ஆனால் துவர்ப்பு குறைவு, நிறமும் இலேசு. அதைக் காபர்னேயோடு ஒரே வரிசையில் நிறுத்துவது இருவருக்கும் அநீதி. கிறிஸ்துமஸுக்கு வீடுகளில் சர்க்கரையும் பட்டையும் கிராம்பும் சேர்த்து ஊறவைக்கும் ஒயினை அதே இனத்து ஒயின்களோடு ஒப்பிடுங்கள். இனிப்புக்கு ஈடாகப் புளிப்பு நிற்கிறதா, மசாலா திராட்சையின் மணத்தை மூடிவிடுகிறதா, ஈஸ்ட் வாடை தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நல்ல பன்னீர் ஒயினை நன்றாகக் குளிரவைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு சிறிய கோப்பையில் குடித்திருக்கிறேன். அதற்கு என் குறிப்பேட்டில் ‘மீண்டும் வாங்குவேன்’ என்றே இருக்கிறது, அது விற்பனைக்கு இல்லாத ஒயினாக இருந்தபோதும்.

மார்ச் 14

வரும் சனிக்கிழமைக்கான ஏற்பாட்டைக் கேட்டவர்களுக்கு எழுதுகிறேன். ஒரே திராட்சை, ஷிராஸ் மட்டும். நான்கு புட்டிகள், ஐந்து கோப்பைகள். ஐந்தாவது கோப்பையில் நான்கில் ஒன்றே மறுபடி வரும். எது என்று ஊற்றுபவருக்கு மட்டும் தெரியும். அந்த இரண்டு கோப்பைகளுக்கும் ஒருவர் வெவ்வேறு படி கொடுத்தால், அன்று அவருடைய மற்ற முடிவுகளையும் நாங்கள் பென்சிலால் எழுதிய குறிப்பாகவே வைத்துக்கொள்வோம். புட்டிகள் காகிதப் பைக்குள் இருக்கும். கழுத்தின் வடிவமும் மூடியும் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் ஊற்றுவது உள்ளறையில். எல்லாக் கோப்பைகளும் ஒரே வடிவம், வாய் குறுகியவை. ஒவ்வொன்றிலும் 50 மில்லிக்கு மேல் வேண்டாம். துப்புவதற்குக் கிண்ணம் வைத்திருக்கிறோம். கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள், விழுங்கிக்கொண்டே போனால் மூன்றாவது கோப்பைக்குப் பிறகு எல்லாமே நல்ல ஒயின்தான். இடையில் உப்பில்லாத ரொட்டியும் தண்ணீரும். முதல் கோப்பை எதுவானாலும் எல்லோரும் அதைக் குறைத்தோ கூட்டியோ எழுதிவிடுவதால், வரிசைக்கு வெளியே ஒரு சாதாரண ஒயினை முதலில் சுவைத்து நாவைத் தயார்செய்துகொள்வோம். அதற்கு மதிப்பெண் கிடையாது.

வாசனைத் தைலம் பூசிக்கொண்டு வர வேண்டாம். மல்லிகைப்பூவையும் அன்று தவிர்த்துவிடுங்கள்.